சிரிக்காத படங்கள்

பெரியவளிடமிருந்து போன் வந்தபோது சின்னவள் இஸ்திரி உருளையின் முன்னால் நின்றிருந்தாள். ஹோட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்பும் சலவைக்கூடம் அது. ஈர விரிப்பின் ஒரு முனையை இவளும் மறுமுனையைக் கூட வேலை செய்பவளும் பிடித்து, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். ஒருத்தி கை பிந்தினாலும் துணி கோணிக்கொள்ளும். அந்த நேரத்தில் யாரும் போனைத் தொடுவதில்லை. சின்னவள் மட்டும் தொடுவாள். வீட்டில் இருக்கும் கணவனுக்கு என்னவோ ஏதோ என்ற பயம் ஒன்றரை வருஷமாக அவள் இடுப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"அடியே, ஒரு நல்ல விஷயம்" என்றாள் பெரியவள். "ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு ஒரு போட்டோக்காரம்மா வராங்க. ஸ்டூடியோ போட்டோ மாதிரி இல்ல. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வீட்டோடயே இருப்பாங்க. நீங்க டீ குடிக்கிறது, துணி மடிக்கிறது, சும்மா உக்காந்திருக்கிறது, எல்லாத்தையும் எடுப்பாங்க. கஷ்டத்துலேர்ந்து மீண்டு வந்த குடும்பங்களை இப்படி எடுக்கிறதுதான் அவங்க தொழிலே. என்னோட பரிசு."

"எங்க வீட்ல யாரு அக்கா சும்மா உக்காந்திருக்கா?"

"எதுக்கெடுத்தாலும் குத்திப் பேசாதடி. நல்லது நடந்திருக்கு. அதைக் கொண்டாட வேணாமா?"

விரிப்பு கோணிக்கொண்டது. சின்னவள் சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் எல்லாருக்குமே அவன் மெக்கானிக்தான். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் குடியிருப்பதை வைத்து அவனே நிறைய கேலி பேசியிருக்கிறான். ஒரு நாள் வேலை பார்த்துக்கொண்டிருந்த இடத்தில், லிஃப்ட் குழிக்குள் தலைகீழாக விழுந்தான். இடுப்பெலும்பு கூடிவிட்டது. வலது கை பாதி திரும்பி வந்தது. பேச்சுதான் சிக்கலாகிவிட்டது. சொற்கள் எல்லாம் உள்ளே இருந்தன. ஆனால் அலமாரியைக் கவிழ்த்துவிட்டு அவசரமாக அள்ளி அடுக்கியது போல் இடம் மாறிக் கிடந்தன. கரண்டி வேண்டுமென்றால் சாவி கேட்பான். தலையணையைப் பூனை என்பான். அவர்களுடைய பெண் அந்த பாஷையை ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டாள். பதினோரு வயது. வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். "பூனையைத் தட்டிப் போடச் சொல்றார்மா" என்பாள். சின்னவள் தலையணையைத் தட்டிப் போடுவாள்.

போட்டோ என்றதும் துள்ளியது வாலுதான். அம்மாவின் போனைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். "பாரும்மா. ஸ்கேன், மாத்திரை அட்டை, அப்பாவோட தையல், திரும்ப ஸ்கேன். ஒரு முகம்கூட இல்ல."

ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டோக்காரம்மா வந்து சேர்ந்தாள். மூன்று மாடி ஏறிய மூச்சு வாங்கல் அடங்கவே நேரமானது. குட்டை முடி, தளர்ந்த சட்டை, தோளுக்கு ஒன்றாக இரண்டு கேமரா.

"என்னைக் கண்டுக்காதீங்க. நான் இந்த வீட்ல ஒரு நாற்காலி மாதிரி. உங்க வேலையைப் பாருங்க" என்றாள்.

"வாங்க, நாற்காலி" என்றான் மெக்கானிக்.

அது இடம் மாறிய சொல்லா, கேலியா என்று சின்னவளுக்கே தெரியவில்லை. அவன் உதட்டோரம் துடித்ததைப் பார்த்துத்தான் கேலி என்று புரிந்தது. வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். கேமரா ஒருமுறை க்ளிக் என்றது.

அதற்குப் பிறகு அந்த அம்மாள் சொன்னபடியே நாற்காலியாகிவிட்டாள். மெக்கானிக் அவித்த முட்டையை உரிக்க உட்கார்ந்தான். விரல்களுக்கு அதுதான் பயிற்சி. ஓடு பொடிப்பொடியாகச் சட்டையெல்லாம் சிதறியது. முட்டையில் பாதி ஓட்டோடு போனது. வாலு பக்கத்தில் உட்கார்ந்து, உரித்த முட்டையை எல்லாம் வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். சின்னவள் வாரத் துணியை ஊறவைத்தாள். போட்டோக்காரம்மா ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர்ந்ததுகூடத் தெரியவில்லை. காலை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது பெரியவள் வந்தாள்.

கூட அத்தானும் வந்தார். வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார். பெரியவள் கையில் ஒரு பெரிய பை. உள்ளே எல்லார் அளவுக்கும் வான நீலத்தில் சட்டைகள். அவளும் அத்தானும் ஏற்கெனவே அதே நீலத்தில்தான் வந்திருந்தார்கள்.

"எல்லாரும் ஒரே கலர்ல இருந்தாதான் படம் எடுப்பா இருக்கும். மடமடன்னு மாத்துங்க. என்ன இது, முட்டை ஓடு? யாராவது பெருக்குங்கப்பா."

"அது அப்படியே இருக்கட்டும்மா. எனக்கு அதுதான் வேணும்" என்றாள் போட்டோக்காரம்மா.

"நீங்க சும்மா இருங்க, ஊர் சிரிக்கும்" என்று பெரியவளே துடைப்பத்தை எடுத்தாள். மேஜைமேல் இருந்த மாத்திரை டப்பாவை அலமாரிக்குள் தள்ளினாள். நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த ஊன்றுகோலைக் கொண்டுபோய்க் கதவுக்குப் பின்னால் மறைத்தாள். மெக்கானிக்கின் கண் அந்தக் கோலின் பின்னாலேயே போனது. சின்னவள் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு நாள் கூத்து, போகட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நீலச் சட்டை போட்டாயிற்று. பெரியவள் தங்கைக்கும் மெக்கானிக்குக்கும் நடுவில் உட்கார்ந்து, தங்கையின் தோளில் கை போட்டாள். போட்டோக்காரம்மா கேமராவைத் தூக்கவேயில்லை. அது பெரியவளுக்குப் பிடிக்கவில்லை. தன் போனை வாலுவிடம் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னாள். பிறகு மெக்கானிக்கின் முகத்துக்கு நேராகக் குனிந்து, காது கேளாதவனிடம் பேசுவது போல் உரக்கச் சொன்னாள்.

"தம்பி! போனைப் பாருங்க! 'நாங்க ஜெயிச்சுட்டோம்'னு சொல்லுங்க! ஜெ... யிச்... சுட்... டோம்!"

"பெரியம்மா, அப்பாவுக்குக் காது கேக்கும்" என்றாள் வாலு.

மெக்கானிக் போனைப் பார்க்கவில்லை. பெரியவளைத்தான் பார்த்தான். வாயைத் திறந்து மூடினான். கழுத்து நரம்பு புடைத்தது.

"கட்டை" என்றான்.

பெரியவள் சிரித்தாள். "கட்டை இல்ல தம்பி, ஜெயிச்சுட்டோம்."

"கட்டை."

"கட்டில்ல படுக்கணுமாப்பா?" என்றாள் வாலு. இல்லை என்று தலையாட்டினான். "காய் நறுக்கிற பலகையா? துடைப்பக்கட்டையா? உன்னோட கோலா?" எல்லாவற்றுக்கும் இல்லை. அப்பாவின் பாஷையில் வாலு தோற்றது அதுதான் முதல் தடவை. அவள் கையிலிருந்த போன் இறங்கிவிட்டது.

அவன் இடது கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தான். "நான். கட்டை." பிறகு விரலைப் பெரியவளை நோக்கி நீட்டினான். "நீங்க. சொன்... சொன்னீங்க."

சின்னவளுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது.

ஆஸ்பத்திரி நடைபாதை. விபத்து நடந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ஸ்கேன் அறைக்கு வெளியே அவனைத் தள்ளுகட்டிலில் போட்டு வைத்திருந்தார்கள். கண் மூடியிருந்தது. அன்றைக்குத்தான் பெரியவள் பார்க்க வந்தாள். அதுதான் முதல் தடவை, கடைசித் தடவையும் அதுதான். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, மூக்கைப் பொத்தியபடி சொன்னாள்: "இந்தக் கட்டையைக் கட்டிக்கிட்டு எத்தனை காலம் அழப்போற? ஏதாவது ஒரு இல்லத்துல கொண்டுபோய்ச் சேத்துடு. உனக்கு வயசு இருக்கு. உன் வாழ்க்கையைப் பாரு." சின்னவள் "மெதுவாப் பேசுக்கா" என்று மட்டும்தான் சொன்னாள். நல்லவேளை, அவனுக்கு நினைவில்லை என்று பிறகு பல நாள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அவனுக்குக் கேட்டிருக்கிறது. பெண்டாட்டியின் பேர்கூட வாரக்கணக்கில் வாயில் வராமல் தவித்தவன், இந்த ஒரு சொல்லை மட்டும் இடம் மாறாமல் இத்தனை நாளும் வைத்திருந்திருக்கிறான்.

சின்னவள் தோளிலிருந்த அக்காவின் கையை எடுத்து விட்டாள். எழுந்தாள்.

"முதல்ல அந்தக் கோலை எடுத்துட்டு வா."

"என்னடி?"

"கதவுக்குப் பின்னால ஒளிச்சு வச்சியே, அதை. எடுத்த எடத்துல வை. மாத்திரை டப்பாவையும் வை. இது என் வீடு. இங்க ஒளிச்சு வைக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல."

பெரியவள் முகம் வெளுத்தது. எழுந்துபோய்க் கோலை எடுத்து வந்து வைத்தாள். "அவர் ஏதோ உளர்றார், நீ அதைப் போய்..."

"உளறலா அது? நீ சொல்லலயா?"

"நான் உன் நல்லதுக்குத்தானே சொன்னேன். அப்ப டாக்டரே கையை விரிச்சாங்கல்ல."

"டாக்டர் கட்டைன்னா சொன்னார்? டாக்டர் மூக்கைப் பொத்திக்கிட்டா நின்னார்?" அவள் குரல் படிக்கட்டு வரைக்கும் கேட்டது. "ஒரு தடவை வந்த. ஆஸ்பத்திரி வாசனை ஒத்துக்கலன்னு போன. எனக்கு மட்டும் அது என்ன, பூந்தோட்டமா? பகல்ல சலவைக்கூடம், அப்புறம் ஆஸ்பத்திரி பெஞ்சு. இந்தப் புள்ளைக்குத் தலை வாரக்கூட ஆள் இல்ல. நீ அடுத்த தெருவுலதான் இருந்த!"

"எனக்குப் பயமா இருந்துச்சுடி" என்றாள் பெரியவள். அவள் கண் கலங்கிவிட்டது. "அவரைப் பாக்கப் பயம். உன்னைப் பாக்க அதைவிடப் பயம்."

"பயமா இருந்தா போன் பண்ணியிருக்கலாம்ல? போன்ல வாசனை வருமா?" சின்னவள் நீலச் சட்டையின் பொத்தான்களை அங்கேயே அவிழ்க்கத் தொடங்கினாள். உள்ளே பழைய பனியன் இருந்தது. சட்டையைக் கழற்றிப் பந்தாகச் சுருட்டிப் பையில் திணித்தாள். "ஜெயிச்சுட்டோமாம். யாரு ஜெயிச்சா? நீ எந்த ஆட்டத்துல இருந்த? எங்க கஷ்டத்துல உனக்கு எடம் இல்ல, போட்டோல மட்டும் நடுவுல எடமா?"

அத்தான் அப்போதுதான் போனிலிருந்து தலையைத் தூக்கினார். "விடும்மா, பெரிய மனசு பண்ணி..."

"நீங்க போனைப் பாருங்க அத்தான்."

அவர் போனைப் பார்த்தார்.

சின்னவள் சமையலறைக்குள் போய்விட்டாள். குழாயை முழுசாகத் திறந்தாள். பாத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று இடித்தன. கழுவியதையே திரும்பக் கழுவினாள். கொஞ்ச நேரம் கழித்து முன்னறையிலிருந்து பெரியவளின் கம்மிய குரல் கேட்டது. "வாங்கம்மா, கெளம்பலாம். இன்னிக்கு நாள் சரியில்ல."

"வரச் சொன்னது நீங்கதான்மா" என்றது போட்டோக்காரம்மாவின் குரல். "ஆனா வீடு அவங்களோடது. அவங்க போன்னு சொன்னா போறேன்."

கதவு திறந்து மூடியது. இரண்டு ஜோடிச் செருப்பு படியிறங்கும் ஓசை தேய்ந்து மறைந்தது.

போட்டோக்காரம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"எல்லாத்தையும் எடுத்திருப்பீங்களே?" சின்னவள் திரும்பாமலே கேட்டாள். "நல்ல வேடிக்கை."

"இல்லம்மா. நீங்க கத்தி முடிக்கிற வரைக்கும் கேமராவை எறக்கி வச்சிருந்தேன்."

"ஏன்?"

"உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு."

சின்னவள் சட்டென்று திரும்பினாள். சோப்பு நுரை முழங்கையிலிருந்து சொட்டியது. அக்காமேல் வந்ததைவிடப் பெரிய கோபம் இப்போதுதான் வந்தது.

"ஒன்றரை வருஷமா நான் யாருகிட்டயும் கத்தலம்மா. டாக்டருகிட்ட சிரிச்சேன். நர்ஸுகிட்ட சிரிச்சேன். லீவு கேக்க சூப்பர்வைசர்கிட்ட சிரிச்சேன். இவரு படி எறங்கறப்போ பயப்படக் கூடாதுன்னு இவருகிட்டயும் சிரிச்சேன். சிரிச்சாதான் வேலை நடக்கும். என் தாடை வலிச்சுப்போச்சு. இன்னிக்குத்தான் வாயைத் தொறந்தேன். அதைப் போய் எடுக்காம விட்டீங்களா? நாங்க முட்டை உரிக்கிறதுதான் உங்களுக்கு வாழ்க்கையா? இது இல்லையா?"

போட்டோக்காரம்மாவின் முகம் சிவந்துவிட்டது.

"இப்ப எடுங்க. கோபம் ஒண்ணும் தீர்ந்துடல. நெறைய இருக்கு."

போட்டோக்காரம்மா கேமராவைத் தூக்கினாள். சின்னவள் பாத்திரத்தை எடுத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்துக்கொண்டே அக்காவைத் திட்டினாள், தலைகீழாகப் போன அந்த நாளைத் திட்டினாள், அடைத்துக்கொண்ட தொட்டியைத் திட்டினாள். கேமரா விடாமல் க்ளிக் க்ளிக் என்றது. சாயங்காலம் வரை அந்த வீட்டில் யாரும் யாருக்காகவும் சிரிக்கவில்லை.

படங்கள் கொஞ்ச நாள் கழித்து ஓர் அட்டைப் பெட்டியில் வந்தன. மூவரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முட்டை ஓடு சிதறிக் கிடக்கும் மடி. வாலுவின் உப்பிய கன்னம். பிறகு சமையலறையில் சின்னவள்: முடி நெற்றியில் ஒட்டியிருக்க, வாயைப் பிளந்துகொண்டு, தண்ணீர்க் குழாயைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

"பேய் மாதிரி இருக்கம்மா" என்றாள் வாலு. "சூப்பர்."

சின்னவள் அதை வெகுநேரம் பார்த்தாள். மறுக்கத் தோன்றவில்லை.

அடுத்த படத்தை எடுத்தவளின் கை அப்படியே நின்றது. முன்னறை. பெரியவள் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் மெக்கானிக் எழுந்து நின்றான். கோல் கையில் இல்லை. இடது கை சுவரில் ஊன்றியிருந்தது. பாதி விளங்காத வலது கையால் ஒரு டம்ளரை அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர் பாதி அவன் சட்டையில்.

"இது எப்ப நடந்தது?"

"நீ உள்ள பாத்திரம் உருட்டிக்கிட்டிருந்தப்போ" என்றாள் வாலு.

"அவளுக்கு எதுக்குத் தண்ணி குடுத்தீங்க?"

"அழு... அழுதா" என்றான் மெக்கானிக்.

"அழட்டுமே! உங்களுக்காக நான் உள்ள தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கேன், நீங்க இங்க அவளுக்கு உபசாரம் பண்றீங்களா? அதுவும் கோல் இல்லாம! விழுந்திருந்தா?"

"என் பூனை!" என்று மேஜையில் தட்டினான்.

"தலையணை இல்லம்மா, என் இஷ்டம்ங்கறார்" என்றாள் வாலு.

"என்ன இஷ்டம்? திரும்பவும் இடுப்பை ஒடிச்சுக்கிட்டா யாரு தூக்குறது? நீங்களா?"

"நீ... நீ சும்மா... எப்பவும் நீ... போடி, கதவு!"

சின்னவள் மகளைப் பார்த்தாள். வாலு தோளைக் குலுக்கினாள். "இது எனக்கும் தெரியாது. ஆனா நல்ல வார்த்தை இல்லன்னு மட்டும் தெரியுது."

"நானா கதவு? நீங்கதான் கதவு! உங்க வம்சமே கதவு!"

"ஜன்னல்!" என்று அவன் கத்தினான். முகம் சிவந்து, மூக்கு விடைத்து, விழுவதற்கு முன்பு சண்டை போடும்போது எப்படி இருப்பானோ அப்படியே இருந்தான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் விழுந்த நாளிலிருந்து அவனிடம் அவள் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. படுத்துக் கிடப்பவனிடம் யார் சண்டை போடுவார்கள்? கண்ணாடிப் பாத்திரத்தைப் போல இத்தனை நாளும் அவனைத் தூக்கித் தூக்கி வைத்திருந்தாள். இப்போது அது மறந்தே போய்விட்டது. எதிரில் இருப்பது நோயாளி இல்லை, சொன்ன பேச்சைக் கேட்காத புருஷன்.

அதற்காக அவள் சண்டையை நிறுத்திவிடவில்லை. அந்தப் படத்தைப் பெரியவளுக்கு அனுப்ப வேண்டும் என்று அவன் அடம்பிடித்தான். முடியாது என்று இவள் அடம்பிடித்தாள். சாப்பிடும்போதும் சண்டை நடந்தது. கடைசியில் வாலுதான் யாரையும் கேட்காமல் அம்மாவின் போனிலிருந்து அனுப்பிவிட்டாள். அதற்கும் தனியாகத் திட்டு வாங்கினாள்.

மறு ஞாயிறு பெரியவள் தனியாக வந்து கதவைத் தட்டினாள். பையும் இல்லை, நீலமும் இல்லை. சின்னவள் கதவைத் திறந்துவிட்டு, வழியை விடாமல் நின்றாள்.

"நான் பேசினது தப்புடி..."

"என்கிட்ட சொல்லாத. அவர் உள்ள இருக்கார். அவருகிட்ட சொல்லு. கத்திப் பேசாத. அவருக்குக் காது நல்லாக் கேக்கும்."

பெரியவள் தங்கையைக் கடந்து உள்ளே போனாள். சின்னவள் போகவில்லை. மொட்டைமாடிக்குப் போய்க் காய்ந்த துணிகளை எடுத்தாள். எடுத்து முடித்தும் அங்கேயே நின்றாள். அக்கா தெருவில் இறங்கி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்து போவது மேலிருந்து தெரிந்தது. அவளுக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று கொஞ்சம் எதிர்பார்த்தாள், வரவில்லை.

கீழே வந்து, "என்ன சொன்னா?" என்று கேட்டாள்.

"சொன்னா" என்றான் மெக்கானிக். அவ்வளவுதான்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவன் தேடினான். ஒரு சொல்லை எடுத்தான், வைத்தான், வேறொன்றை எடுத்தான். "போதும்னேன்."

"எனக்குப் போதாது."

அவன் அவளைப் பார்த்துத் தலையாட்டினான். "நீ... கோபமா இரு" என்றான். "உன்னோடது."

அவள் இருந்தாள். பெரியவள் அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் வந்தாள். மெக்கானிக்கோடு முட்டை உரித்தாள், வாலுவுக்குத் தலை வாரினாள், அவன் பூனை கேட்டால் தலையணையை எடுத்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டாள். சின்னவள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில். ஒரு மழைநாளில் பெரியவள் நனைந்துகொண்டு வந்து நின்றபோது, சின்னவள் ஒரு துண்டை அவள் மேல் விட்டெறிந்தாள். "தலையைத் துவட்டு. சளி பிடிச்சா அவருக்கும் ஒட்டும்" என்று சிடுசிடுத்துவிட்டு உள்ளே போனாள்.